மரத்தடி ஆசனங்கள்

வங்கத்தில் குடியேறி வாழும் நம் தமிழன்பர்கள் ஒரு முறையேனும் கண்டு மகிழ வேண்டிய தலம் சாந்திநிகேதனம். கொல்கத்தாவிலிருந்து புகைவண்டியில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் போல்பூரை அடையலாம். அதற்கு மிக அண்மையிலேயே இத்தலம் உள்ளது. 2023-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. எனினும், மாடமாளிகைகளை நாடி அங்குச் செல்லவேண்டுவதில்லை. அங்கு முதலில் காணத்தக்கவை மரங்களும் அவற்றின் அடியில் அமைந்த ஆசனங்களுமே.

1863-இல் இந்நிலத்தைப் பெற்ற தேவேந்திரநாத தாகூர், ஏழிலைப்பாலை மரத்தடியில் அமர்ந்து தியானம் புரிந்தார். அவ்விடத்து வேதிகை இன்றும் போற்றப்படுகிறது. அம்மரத்துப் பலகையில் முற்காலச் சிறுவர் எழுதிப் பயின்றமையின், தாவர நூலார் அதற்குக் கல்வியோடு இயைந்த பெயரே இட்டனர். 1901-இல் அவர் மைந்தர் இரவீந்திரநாதர் தொடங்கிய பள்ளிக்கும் மரநிழலே வகுப்பறையாயிற்று. ஆசிரியர்க்கு மரத்தடியில் ஓர் இருக்கை. மாணாக்கர்க்கு எதிரே வெறுந்தரை. இடையே குயில் கூவினால் அதுவும் பாடமே!

கலாபவனத்துத் திறந்த வெளியில், இராம்கிங்கர் பைஜ் 1938-இல் சமைத்த 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பம் நிற்கிறது. செம்மண் நிலத்துப் பரற்கற்களையும் சிமிட்டியையும் கலந்து ஆக்கியது அது. தந்தை காவடியில் குழந்தையைச் சுமக்கிறான்; தாய் உடன் நடக்கிறாள்; நாயும் கூடவே செல்கிறது. உடைமையனைத்தையும் சுமந்து ஊர்விட்டு ஊர் செல்லும் அக்குடும்பத்தின்முன் நாம் நெடுநேரம் பேச்சின்றி நின்றோம். நம்மவர் பலர் வந்ததும் இவ்வாறன்றோ?

மக்களைப் போலவே இசையும் ஊர்விட்டு வந்து இங்கு வேரூன்றியதுண்டு. முத்துசுவாமி தீட்சிதர் மதுரை மீனாட்சியம்மையைப் போற்றிய கீர்த்தனையை, தென்னாட்டு மாணவி சாவித்திரி பாடக் கேட்டார் இரவீந்திரநாதர். அம்மெட்டிலேயே வசந்தத்தை வாழ்த்தி வங்கப் பாடல் புனைந்தார். வைகைக்கரை அன்னையின் இசை வங்கத்து இளவேனிலுக்கு உரியதாயிற்று!

நம் இல்லங்களில் தமிழ் ஒலிக்க வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும், தாம் வளரும் மண்ணின் மரத்தையும் பாட்டையும் அறியாத பிள்ளைகள் அம்மண்ணில் என்றும் விருந்தினராகவே இருப்பர். ஆதலின், அடுத்த விடுமுறையில் அவர்களைச் சாந்திநிகேதனத்திற்கு அழைத்துச் செல்வீராக. படமெடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடாமல், ஒரு மரநிழலில் அமர்ந்து, ஏகதாரா மீட்டும் பாவுல் பாடகரின் பாட்டைச் செவிமடுக்கச் செய்வீராக. வீடு திரும்பியபின் இரவீந்திரரின் வசந்தப் பாடலையும் தீட்சிதரின் கீர்த்தனையையும் அடுத்தடுத்துக் கேட்பியுங்கள். இரண்டும் தமக்குரியவையே என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்ந்துகொள்வர்.