முட்டை ஏன் மிதக்கவில்லை?

பௌதிகமும் ரஸாயனமும் கற்பிப்பதற்குக் கண்ணாடிக் குழாய்களும் தராசுகளும் நிறைந்த பரிசோதனைச் சாலை வேண்டும் என்று நம்மவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இருந்தால் நல்லதுதான், வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அது வந்து சேரும் வரையில் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள், வளர்ந்துவிடுவார்கள். ஆகையால் நமது வகுப்பில் நாம் கையாளும் முக்கியமான கருவி ஒரு கோழி முட்டை. கடையில் காசு கொடுத்து வாங்கிய முட்டை; சத்துணவு முட்டை அன்று. 1989-இல் பதினைந்து நாளைக்கு ஒன்று என்று தொடங்கி, 2010 முதல் வாரத்துக்கு ஐந்தாகப் பெருகியிருக்கும் அந்த முட்டை பிள்ளைகளின் வயிற்றுக்கு உரியது. அதில் உபாத்தியாயர் கை வைக்கலாகாது.

முட்டையைத் தேர்ந்தெடுத்ததற்கு அது மலிவு என்பது மட்டும் காரணமல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய இவ்வூர்களில் எந்த வகுப்பில் நுழைந்து கேட்டாலும், டானரியிலோ செருப்புத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் தகப்பனோ தாயோ உடைய பிள்ளைகள் பலர் இருப்பார்கள். வேலூர் ஜில்லா 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. பாலாறும் தோலும் இவ்வூர்களைப் பிரிய விடவில்லை. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடங்களையெல்லாம் அதைச் சுற்றிக் கற்பிக்க வேண்டுமென்று காந்தியடிகள் வற்புறுத்தினார். டானரியை வகுப்புக்குள் கொண்டுவர நம்மால் இயலாது. அதன் அமிலத் தொட்டிகளுக்கு அருகே குழந்தைகளை அழைத்துச் செல்லவும் கூடாது. ஆனால் டானரியில் நடப்பதில் பெரும் பகுதியை ஒரு முட்டை தன் ஓட்டுக்குள் அடக்கி வைத்திருக்கிறது.

முதலில் ஓடு. கண்ணாடித் தம்ளரில் முட்டையை வைத்து, அது மூழ்கும்படி வினிகர் என்னும் காடியை ஊற்றுகிறோம். உடனே ஓட்டின் மேல் நுண்ணிய குமிழிகள் முத்து முத்தாய் அரும்பும். முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சுண்ணாம்புக் கல்லின் சத்துத்தான். அமிலம் அதைக் கரைக்க, கரியமில வாயு வெளியேறுகிறது. இரண்டு நாளில் ஓடு மறைந்து, மெல்லிய சவ்வு மட்டும் மூடிய முட்டை கையில் ரப்பர்ப் பந்துபோல் நிற்கும். டானரியில் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊற வைப்பார்கள். பிறகு அந்தச் சுண்ணாம்பைத் தோலிலிருந்து போக்கியாக வேண்டும். அதற்கும் அமிலங்களும் வேறு சில உப்புக்களும் உதவுகின்றன. இதைச் சொன்னதும், "எங்கள் அப்பா கையும் இப்படித்தான் ஸார் ஊறிப் போயிருக்கும்" என்று ஒரு பையன் சொன்னான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை.

அடுத்ததுதான் நாம் மிகவும் விரும்பும் பரிசோதனை. ஓடு நீங்கிய முட்டைகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் இடுப்பையும் நூலால் சுற்றி அளந்து, நூலில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுகிறோம். ஒன்றை நல்ல தண்ணீரிலும் மற்றொன்றைக் கெட்டியான உப்பு நீரிலும் இரவு முழுவதும் விட்டுவிடுகிறோம். மறுநாள் முதல் முட்டையின் இடுப்புக்குப் பழைய நூல் எட்டாது; அது பருத்துப் போயிருக்கும். இரண்டாவது முட்டையோ வற்றிச் சுருங்கி, நூல் தளர்ந்து தொங்கும். சவ்வு தண்ணீரை எளிதில் விடுகிறது; உள்ளே இருக்கும் புரதத்தை விடுவதில்லை. உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் போய்விடுகிறது. பாட புஸ்தகம் இதைச் சவ்வூடு பரவல் என்கிறது. பெயர் பிறகு வரட்டும். நூல் எட்டாமல் போனதைக் கண்ணால் கண்ட பிள்ளை அதை மறக்காது.

உரித்த தோலின் மேல், அதன் எடையில் ஏறக்குறையப் பாதியளவுக்கு ஏன் உப்பை வாரிக் கொட்டுகிறார்கள் என்பது இப்போது விளங்கும். உப்பு நீரை இழுத்துவிடுவதால் அழுகல் கிருமிகள் தழைப்பதில்லை. குரோமியம் ஏற்றுவதற்கு முன் தோலை அமிலத்தில் ஊற வைக்கிறார்களே, அந்த அமிலத்திலும் உப்புச் சேர்க்கிறார்கள். வெறும் அமிலத்தில் போட்டால் தோல் நமது முதல் முட்டையைப் போல உப்பிப் பாழாகும். ஆக, உப்பின்றித் தோல் இல்லை. 1930-இல் ஒரு பிடி உப்பை அள்ளுவதற்காக ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரண்யம் வரை நடந்து சிறை சென்றார்கள். நமது ஊர்களில் அதே உப்பு, போகச் சொன்னாலும் போகாத விருந்தாளியாக இருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

தோல் எப்படிப் பதமாகிறது என்பதைக் காட்டுவது இன்னும் எளிது. வெண்கருவை நாலைந்து பங்கு தண்ணீரில் கலக்கி மெல்லிய துணியில் வடிகட்டி, ஆறிய கடுக்காய்க் கஷாயத்தை அதில் சிறிது சிறிதாக விட வேண்டும். தெளிந்திருந்த நீர் கலங்கித் திரிந்து போகும். வெண்கருவும் தோலும் புரதம் என்ற ஒரே குலத்தைச் சேர்ந்தவை. கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்து புரதத்தை இறுகப் பற்றிக்கொள்ளுகிறது. கடுக்காயை மென்றால் நாக்கு உலர்ந்து இழுப்பதும் இதனாலேதான். பழைய நாளில் இந்தப் பட்டையால் வாரக்கணக்கில் பதனிட்டார்கள்; குரோமிய உப்பு வந்தபின் பதனிடும் காலம் மிகச் சுருங்கிவிட்டது. குரோமியத்தை நாம் வகுப்புக்குள் விடுவதில்லை. கடுக்காய் போதும்.

குப்பிக்குள் காகிதத்தைக் கொளுத்திப் போட்டு, அவித்த முட்டையை உள்ளே விழச் செய்யும் வித்தையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் பிராணவாயு எரிந்து தீர்ந்து போவதால் முட்டை இறங்குகிறது என்று தவறான காரணத்தையே பலரும் சொல்லி வருகிறார்கள். சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிட, மிஞ்சியது குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்று முட்டையைத் தள்ளுகிறது. அவ்வளவுதான்.

கடைசியில் மிதக்கும் முட்டை. நல்ல தண்ணீரில் புது முட்டை மூழ்கும். ஒரு தம்ளர் நீரில் நாலைந்து தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் அது எழும்பி மிதக்கும். இதைச் செய்து காட்டிய மறுநாள், ஒரு பெண் தன் வீட்டுக் கிணற்று நீரைப் புட்டியில் கொண்டு வந்தாள். முட்டையைப் போட்டோம். அது அடியில் போய் உட்கார்ந்தது. "நல்ல தண்ணீர்!" என்று பையன்கள் கூவினார்கள். "எங்கள் வீட்டில் யாரும் அதைக் குடிக்கிறதில்லையே, ஸார்!" என்றாள் அவள்.

முட்டை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் வேறு. முட்டை மிதக்க லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் உப்பு வேண்டும். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்புள்ள சமுத்திர நீரிலும் புது முட்டை மூழ்கத்தான் செய்யும்! குடிநீருக்கோ இந்தியத் தர விதிப்படி கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு அரைக் கிராம் இருக்கலாம். வேறு நீரே கிடைக்காவிட்டால் இரண்டு கிராம் வரை பொறுக்கலாம். நாக்கு அறிவதை முட்டை அறியாது. அதனால் வேறொன்று செய்தோம். அவளுடைய கிணற்று நீர் ஒரு தம்ளர், குழாயில் வரும் காவிரி நீர் ஒரு தம்ளர், இரண்டையும் ஒரே மாதிரியான தட்டுக்களில் ஊற்றி மாடியில் வெயிலில் காய வைத்தோம். கிணற்று நீர் வற்றிய தட்டில் வெள்ளைப் படிவம் அழுத்தமாக நின்றது.

அந்தப் படிவத்தில் எவ்வளவு டானரி உப்பு, எவ்வளவு பாறையிலிருந்து வந்தது, குரோமியம் உண்டா என்பதையெல்லாம் தட்டு சொல்லாது. அதற்கு ஆராய்ச்சிச் சாலைக்கு நீரை அனுப்ப வேண்டும். ஆனால் வேலூர் ஜனங்களின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்து, டானரி ஒவ்வொன்றுக்கும் பதினாயிரம் ரூபாய் அபராதம் விதித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியிருந்ததையும் மறைக்கவில்லை. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில், நமது முட்டைச் சவ்வில் நடந்ததைத் தலைகீழாக நடத்துகிறார்கள்: உப்பு நீரைப் பலமாக அழுத்தி, சவ்வின் வழியே நல்ல நீரை மட்டும் பிழிந்து எடுக்கிறார்கள்.

"அப்படியானால் மிஞ்சுகிற உப்பை என்ன செய்வார்கள், ஸார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். காய்ச்சி மூட்டை கட்டி வைக்கிறார்கள் என்றோம். பலவகை உப்பு கலந்திருப்பதால் எளிதில் யாருக்கும் பயன்படுவதில்லை என்றும் சொன்னோம். அவள் தட்டிலிருந்த படிவத்தைச் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்து, தன் நோட்டுப் புஸ்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.