கைப்பிடிக்கு என்ன கலர்?

மக்களே, இந்தப் பக்கம் வந்து ஆறு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்திங்கறது வழக்கமான சாக்கு. உண்மையான காரணம் வேற. நான் செஞ்ச ஒரு முட்டாள்தனத்தை எழுதலாமா வேண்டாமான்னு இழுத்துக்கிட்டே இருந்தேன். அதை எழுதாம வேற எதையும் எழுத வரல. சரி, இன்னிக்கு எழுதித் தொலைச்சிடறேன்.

டிஸ்கி: இதுல துப்பாக்கி வருது. ஆனா இது துப்பாக்கி பத்தின சண்டைக்கான பதிவு இல்ல. இது மரத்தைப் பத்தின பதிவு. கும்மி அடிக்க நினைச்சவங்க மன்னிக்கவும் :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். தென்காசியில அப்பாவுக்கு மரச்சாமான் பட்டறை. பட்டறை மூலையில தேக்குத் துண்டுகள் மேல உட்கார்ந்து நான் படிச்சது பாடப்புத்தகம் இல்ல, சிவகாசியில இருந்து வந்த லயன் காமிக்ஸ். டெக்ஸ் வில்லர் ரிவால்வரை உருவினா எனக்குக் கை பரபரக்கும். அத்தனையும் கருப்பு வெள்ளைப் படம். அந்த ரிவால்வரோட மரக் கைப்பிடி என்ன கலர்னு எனக்குத் தெரியவே தெரியாது. நானா ஒரு கலர் வச்சுக்கிட்டேன். அப்பா பாலீஷ் போட்ட தேக்கு நாற்காலியோட கலர்.

பின்னால தெரிஞ்சுக்கிட்டது: டெக்ஸ் வில்லர் அமெரிக்கரே இல்ல, 1948ல இத்தாலியில பிறந்தவர். கிளின்ட் ஈஸ்ட்வுட்டோட 'த குட், த பேட் அண்ட் த அக்ளி'யும் (1966) இத்தாலிக்காரங்க எடுத்தது. அதுல அவர் வச்சிருக்கறது 1851 நேவி மாடல் ரிவால்வர், கைப்பிடியில வெள்ளிப் பாம்பு பதிச்சது. இப்போ உலகத்துல விக்கிற பழைய மாடல் நகல் ரிவால்வர்கள்ல பெரும்பாலானதும் இத்தாலியில, பிரெஷ்ஷா பக்கத்துலதான் தயாராகுது. 1526லயே வெனிஸுக்குத் துப்பாக்கிக் குழல் செஞ்சு கொடுத்த வட்டாரம் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரோட நூற்றாண்டு 1961ல வந்தப்ப, பழைய ரிவால்வர் மாதிரியே புதுசா வேணும்னு இங்க கிராக்கி கிளம்புச்சு. உபெர்ட்டி, பியெட்டான்னு இன்னிக்குக் கேள்விப்படற பேரெல்லாம் அப்போ வளர்ந்ததுதான்.

இனி விஷயத்துக்கு வர்றேன். நாங்க ஒஹையோவுல இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா. முதல் பனிக்காலத்துல நான் மண்வெட்டியோட முழிச்சுக்கிட்டு நின்னப்ப, ஒரு வார்த்தை பேசாம தன்னோட மெஷினைக் கொண்டு வந்து எங்க வாசலையும் சுத்தம் பண்ணிக் கொடுத்தவர். அவரோட பொழுதுபோக்கு கரிமருந்து ரிவால்வர். தோட்டா போட்டு சுடறது இல்ல. உருளையில ஒவ்வொரு அறையா கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால சின்னத் தொப்பி மாதிரி கேப் மாட்டணும். வெடியுப்பு, கரி, கந்தகம். சிவகாசி பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆறு குண்டு சுட அரை மணி நேரம், கழுவ ஒரு மணி நேரம்.

போன வருஷம் அவர் வீட்டை வித்துட்டு முதியோர் குடியிருப்புக்குப் போனார். போறதுக்கு முந்தின நாள் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து என் கையில கொடுத்தார். உள்ள 1851 நேவி. இத்தாலி நகல். உலோகத்துல ஒரு சின்னச் சதுரத்துக்குள்ள 'ஏபி'ன்னு ரெண்டு எழுத்து. இத்தாலி அரசு சோதனைச்சாலை, சோதிச்ச வருஷத்தை அப்படி எழுத்தாப் பொறிக்கும். ஏபின்னா 1976. "பையனுக்கு இதுல இஷ்டம் இல்ல. நீ மரத்தைத் தடவிப் பார்க்கிற ஆளு"ன்னார். (தோட்டா போடாத இந்த வகை நகலை 1968 மத்திய சட்டம் சாதாரணத் துப்பாக்கியாக் கணக்குல எடுக்கறது இல்ல. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சும்மா ஒரு தகவலுக்கு.)

அந்தக் கைப்பிடியைப் பத்திச் சொல்லணும். கோல்ட் நேவியில கைப்பிடி ஒரே துண்டு வால்நட் மரம். பின்பக்கம் பித்தளைப் பட்டை மூணு ஸ்க்ரூவுல நிக்கும். அதைக் கழட்டினா மரம் கையோட வந்துடும். ரெமிங்டன்ல அப்படி இல்ல. ரெண்டு பக்கமும் தனித்தனிப் பலகை, நடுவுல ஒரே ஸ்க்ரூ.

தாத்தா கொடுத்ததுல சிவப்பு வார்னிஷ். இத்தாலிச் சிவப்புன்னே இதைக் கிண்டல் பண்றவங்க உண்டு. அது அங்கங்க சிவப்பு, அங்கங்க கருப்பு. இடது பக்கம் மேல, பெருவிரல் வந்து படியற இடத்துல வார்னிஷே இல்ல. வழுவழுன்னு கருப்பா ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? 'அழுக்கா இருக்கு. பழைய அசல் மாதிரி மாத்திக் கொடுத்தா தாத்தா அசந்துடுவார்.'

பட்டறைக்காரன் பையன் இல்லையா, திமிர் இருக்கும்ல.

படிக்க ஆரம்பிச்சேன். அசல் கோல்ட் நேவி 1850ல இருந்து 1873 வரைக்கும் ஹார்ட்ஃபோர்டுல மட்டும் ரெண்டு லட்சத்துப் பதினஞ்சாயிரம் போல செஞ்சிருக்காங்க. அதுல போட்டது அமெரிக்கக் கருப்பு வால்நட், சாக்லேட் பழுப்பு. இத்தாலிக்காரங்க போடறது ஐரோப்பிய வால்நட், நாம தின்ற அக்ரூட் காய்க்கிற மரம். அது வெளிறின பழுப்பு. மியூசியத்துல இருக்கிற பழைய ரிவால்வர் போட்டோவுல எல்லாம் கைப்பிடி மங்கலா, பளபளப்பு இல்லாம, எண்ணெய் இறங்கின மாதிரி இருந்தது. அதுதான் 'சரியான' கலர்னு முடிவு பண்ணிட்டேன்.

ஒரு சனிக்கிழமை. தங்கமணி "ஏங்க, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னாங்க. "சர்ப்ரைஸ்"னேன். பெயின்ட் ரிமூவரைத் தடவி இருபது நிமிஷம் விட்டு வழிச்சேன். சிவப்புக் கூழா வந்துச்சு. கூடவே அந்தக் கருப்பு வட்டமும் வந்துச்சு. அடியில இருந்தது வெளிறிப்போன மரம். ரேகை கூடப் பெருசா இல்ல. அந்தச் சிவப்பை ஏன் அடிச்சாங்கன்னு அப்பத்தான் விளங்குச்சு. ஒவ்வொரு மரத்துண்டும் ஒவ்வொரு நிறம். எல்லாத்தையும் ஒரே குடும்பமாக் காட்ட அது ஒரு சீருடை.

அடுத்த கூத்து. கலரை ஏத்தணுமே? வினிகர்ல இரும்பு நாரை ஊறப்போட்டு அந்தத் தண்ணியைத் தடவினா வால்நட் கருக்கும்னு படிச்சேன். மரத்துல இருக்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கருக்கறது. நம்ம ஊர்ல கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவாங்களே, அதே சங்கதி. தடவினேன். பழுப்பு வரும்னு பார்த்தா, மை மாதிரியே வந்துச்சு! கரிக்கட்டை. அதைப் போக்க உப்புத்தாளை எடுத்தேன். அங்கதான் நிஜமான தப்பு.

ஃபேக்டரியில மரத்தையும் பித்தளையையும் ஒண்ணா மாட்டித் தேய்ச்சுத்தான் சமன் பண்றாங்க. தடவினா எங்க மரம் முடியுது, எங்க உலோகம் ஆரம்பிக்குதுன்னு விரலுக்குத் தெரியக் கூடாது. நான் கழட்டி வச்சுக்கிட்டுத் தனியாத் தேய்ச்சேன். திரும்ப மாட்டினப்ப ஓரமெல்லாம் உருண்டு, மரம் உள்ள இறங்கி, பித்தளை விளிம்பு உள்ளங்கையைக் குத்துச்சு. தேய்ச்ச மரம் திரும்ப வளருமா?

சரி, எண்ணெயாவது ஒழுங்காப் போடுவோம்னு ஆளிவிதை எண்ணெய், காய்ச்சினது, ஒரு நாளைக்கு ஒரு பூச்சுன்னு ஒரு வாரம் தேய்ச்சேன். பார்க்க நல்லாத்தான் வந்துச்சு. போட்டோவுல இருந்த அதே மங்கல் பழுப்பு. எனக்குள்ள ஒரே பெருமை.

அந்தப் பெருமையோட பழைய துப்பாக்கிக் கண்காட்சி ஒண்ணுக்குப் போனேன். அங்க ஒருத்தர் அசல் 1851 நேவி வச்சிருந்தார். நான் என் கைவேலையைப் பத்தி அளந்தேன். அவர் சிரிச்சுக்கிட்டே தன்னோடதைத் திருப்பி, கைப்பிடி மேல் மூலையில, கை படாத ஒரு இடுக்கைக் காட்டினார். அங்க கண்ணாடி மாதிரி வார்னிஷ். "கடையில விக்கப் போனதெல்லாம் வார்னிஷ் போட்டதுதான். புதுசுல இது உங்க வீட்டு டைனிங் டேபிள் மாதிரி பளபளன்னு இருந்திருக்கும். ராணுவத்துக்குப் போனதுலதான் எண்ணெய்ப் பூச்சு, மரத்துல பரிசோதகர் முத்திரை எல்லாம்"னார். ஏலத்துல இந்த மாதிரி அசலை விக்கும்போது பழைய வார்னிஷ் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்குன்னு எழுதுவாங்களாம். வீட்டுக்கு வந்து பழைய ஏலப் பட்டியல்களைப் பார்த்தேன். ஆமா, அப்படியேதான் எழுதியிருக்கு.

அதாவது நான் 'அசல் கலர்'னு நினைச்சது 1851ஓட கலரே இல்ல. அது நூத்தி எழுபது வருஷத்துக் கை வேர்வையும் புகையும் அழுக்கும். அதை ஒரு வாரத்துல டப்பாவுல இருந்து எடுக்கப் பார்த்தேன். அப்படி எடுக்கறதுக்காக, நிஜமாவே கையால வந்த கலரை ரிமூவர் போட்டு வழிச்சுக் குப்பையில போட்டுட்டேன்.

தாத்தாகிட்டக் கொண்டு போய்க் காட்டித்தானே ஆகணும்? போனேன். கையில வாங்கினார். பெருவிரல் தானா அந்த இடத்துக்குப் போச்சு. ரெண்டு தடவை தடவினார், எதையோ தேடற மாதிரி. அப்புறம் "நல்லா இருக்கு"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். திட்டியிருந்தாக் கூடத் தேவலை.

அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். முழுக்கக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி: "ஏலே, மொதல்ல ஈரத்துணி போட்டுத் தொடச்சுப் பார்த்தியா?"

"இல்லப்பா."

"தொடைக்கவே இல்ல, பின்ன எதுக்குல உரிச்ச? பழைய சாமான் வந்தா மொதல்ல தொடைக்கணும். தொடச்சும் போகலன்னா மெழுகு போடணும். அதுலயும் சரி வரலன்னாத்தான் உரிக்கணும். என் இழைப்புளி கைப்பிடி கன்னங்கரேல்னு கெடக்கே, அதையும் உரிச்சிருவ போலிருக்கே!"

அந்த இழைப்புளி தாத்தாவோடது, அதாவது அப்பாவோட அப்பாவோடது. அதை ஒரு நாளும் யாரும் அழுக்குன்னு சொன்னது இல்ல. நான் உட்பட.

ரெண்டு வாரம் கழிச்சு பக்கத்து வீட்டுத் தாத்தாவே கூப்பிட்டார். சாமான் ஒதுக்கறப்ப ஒரு போட்டோ கிடைச்சதாம். போய்ப் பார்த்தேன். 1976 ஜூலை 4, அமெரிக்காவோட இருநூறாவது வருஷக் கொண்டாட்டம். முப்பது வயசுத் தாத்தா, பெரிய கிருதா, கையில அதே நேவி. கைப்பிடி தக்காளிச் சிவப்பு! "வாங்கின அன்னிக்கே இந்தக் கலர் எனக்குப் பிடிக்கல. உன்னை மாதிரியே உரிச்சுடலாம்னு ரிமூவர் எல்லாம் வாங்கி வச்சேன். என் மனைவிதான் 'விடுங்க, அதுவாக் கருக்கும்'னா. கருத்துச்சு"ன்னார். அவங்க இறந்து ஒன்பது வருஷம் ஆகுது.

என்கிட்டச் சொல்ல வார்த்தை இல்ல. "மன்னிச்சுடுங்க"ன்னு மட்டும் சொன்னேன். "மரம்தானே"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அடுத்த வாரம் சுடப் போறப்ப என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. கழுவறப்ப கைப்பிடியைக் கழட்டிடு, தண்ணி பட்டா ஊதிக்கும்"னார்.

இந்த வேலையில இறங்கப் போறவங்களுக்கு, பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட நாலு விஷயம். ஒண்ணு, அப்பா சொன்னதுதான்: முதல்ல துடைங்க. ரெண்டு, உரிச்சே ஆகணும்னா ரிமூவரோட நிறுத்துங்க. உப்புத்தாள் மரத்தைத் தின்னும். மூணு, தேய்ச்சே ஆகணும்னா உலோகத்தோட மாட்டி வச்சுத் தேய்ங்க. நாலு, ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதீங்க. அது காயறப்ப சூடாகித் தானாவே தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் எறியுங்க.

"புதுக் கைப்பிடி வாங்கி மாட்டிடுங்களேன்"னு தங்கமணி சொல்றாங்க. கிடைக்கும்தான். நான் வாங்கல. இப்போ மாசம் ஒரு தடவை தாத்தாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன். முதல் ஆறு குண்டு அவருக்கு. பித்தளை விளிம்பு குத்துதுன்னு இதுவரைக்கும் ஒரு தடவை கூடச் சொன்னது இல்ல. எனக்குக் குத்துது.

உங்க வீட்டுல இப்படி உரிச்சுக் கெடுத்த சாமான் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. துணைக்கு ஆள் இருந்தா கொஞ்சம் ஆறுதலா இருக்கும் :-(