பூசைக் கருத்தில் தாத்தாவின் பெயர்

ஒரே மதத்தில் பிறந்து, அதே மதத்துக்குள் மணமுடித்து வாழ்கிறவர்களுக்கு, "பிற மதத்தவருக்கு மீட்பு உண்டா?" என்பது மறைக்கல்விப் புத்தகத்தில் வரும் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் அது தாத்தாவைப் பற்றிய கேள்வி. அப்பா தூத்துக்குடிக்காரர். அவர் வழி முன்னோர் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்ற முத்துக்குளித்துறைக் குடும்பம். அம்மா சைவக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் வாங்கியவள். இந்தக் கேள்வியை நெடுங்காலம் நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். அந்தப் பயம் எனக்கு எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போன்ற பிள்ளைகள் இன்று எத்தனையோ பங்குகளில் இருக்கிறார்கள்.

தாத்தா தாமிரபரணிக் கரை ஊர்க்காரர். கல்யாணமான புதிதில் மகளோடு பேச்சு இல்லை. நான் பிறந்த செய்தி போனதும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாராம். அதன் பிறகு வரத்து நிற்கவே இல்லை. பருவத்துக்குத் தக்கபடி பையில் நுங்கோ பனங்கிழங்கோ இருக்கும். திருச்செந்தூர் போய்விட்டு வந்தால் மடியிலிருந்து பன்னீர் இலை விபூதியை எடுப்பார். இலையைப் பிரித்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியை மறுபடி மடித்து அம்மா கையில் கொடுப்பார். என் நெற்றிக்கு அந்த விரல் ஒருநாளும் வந்ததில்லை. "பிள்ளைய ஒரு வழியில விட்டாச்சு. அந்த வழியிலேயே நல்லா நடக்கட்டும்" என்பார்.

சாயங்காலம் ஜெபமாலை சொல்ல நாங்கள் முழந்தாளிட்டால், அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு திண்ணையில் எழுந்து நிற்பார். கடைசி மணி உருண்டு முடியும்வரை உட்கார மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்கு என்னைக் கூட்டிப் போவதும் அவர்தான். வகுப்பு முடியும்வரை கோயில் வளாகத்து வேம்படியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அந்த வகுப்பில்தான் எங்கள் ஆசிரியர் ஒருநாள் சொன்னார்: ஞானஸ்நானம் பெறாதவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் மோட்சத்தைக் காண முடியாது. அவர் கெட்ட மனிதர் இல்லை. தமக்குச் சொல்லிக்கொடுத்ததை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் ஜன்னல் வழியாக வேம்படியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது தாத்தா இறந்துபோனார். மாமா கொள்ளி வைத்தார். அஸ்தி தாமிரபரணியில் கரைந்தது. ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணி முடிந்ததும், நரக நெருப்பிலிருந்து எங்களை மீட்டருளும் என்று வேண்டுகிற சிறு செபம் ஒன்று வரும். அந்த இடம் வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை உதட்டை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் இருந்த அம்மாவும் அதே இடத்தில் குரலைத் தாழ்த்துகிறாள் என்பதைச் சில நாட்களில் கண்டுகொண்டேன். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

தாத்தாவின் முதல் நினைவுநாள் வந்தபோது அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பங்கு அலுவலகத்துக்குப் போனாள். பூசைக் கருத்து எழுதும் நோட்டுப் புத்தகம் மேசைமேல் இருந்தது. எழுதுகிறவர் வழக்கம்போல், "இறந்தவர் ஞானஸ்நானப் பெயர் சொல்லுங்கம்மா" என்றார். "அவுக இந்து, அண்ணே. எங்க அப்பா" என்றாள் அம்மா. அவர் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. உள்ளேயிருந்து வந்த பங்குச் சாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேனாவை வாங்கித் தாமே எழுதினார். மறுநாள் காலைப் பூசையில் அந்தோணிகளுக்கும் மிக்கேல்களுக்கும் நடுவில், பீடத்திலிருந்து, முருகன் பெயர் தாங்கிய என் தாத்தாவின் பெயர் ஒலித்தது. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சாமியார் இரக்கப்பட்டுச் செய்தார் என்றுதான் அன்று நினைத்தேன். 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 901ஆம் விதி, உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் குருவுக்கு உரிமை தருகிறது. இது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று தேடித்தான் என் வாசிப்பே தொடங்கியது.

திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற கூற்று மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் ஆயரான புனித சிப்ரியானோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அவர் கண்முன் இருந்தது, திருச்சபையிலிருந்து பிரிந்து போனவர்களின் சிக்கல். ஆற்றங்கரையில் விபூதி பூசி வாழ்ந்த ஒரு கிழவரை நினைத்து அவர் அதைச் சொல்லவில்லை. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கூற்று இறுகியது. 1442இல் புளோரன்ஸ் சங்கத்தின் ஆணை, யூதரும் பிற சமயத்தாரும் சாகுமுன் திருச்சபையில் சேராவிட்டால் நித்திய நெருப்புத்தான் என்று சொன்னது. நற்செய்தி உலகெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பியிருந்த ஐரோப்பா அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துக் கொலம்பசின் கப்பல் அமெரிக்காவைத் தொட்டது. கிறிஸ்துவின் பெயரையே கேள்விப்படாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மறைந்த மக்கள் அங்கே இருந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று இறையியலாளர்கள் திகைத்தார்கள். ஞானஸ்நானம், அல்லது அதற்கான ஆவல் என்று 1547இல் திரிதெந்து சங்கம் எழுதியபோது கதவு சற்றே திறந்தது.

இந்த வரலாற்றில் என்னை உலுக்கியது புனித சவேரியாரின் கடிதம். 1542இல் எங்கள் கரைக்கு வந்து, ஊர் ஊராக நடந்து, பிள்ளைகளுக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தவர் அவர். எங்கள் வீட்டுச் சுவரிலும் அவர் படம் உண்டு. பின்பு அவர் ஜப்பானுக்குப் போனார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அங்கே கண்டதைச் சொல்கிறார். புதிதாக மனந்திரும்பிய ஜப்பானியர்கள் அவரிடம் தங்கள் தாய் தந்தையரைப் பற்றி, முன்னோரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். செபத்தாலோ தருமத்தாலோ அவர்களை மீட்க வழி உண்டா என்று கேட்டு அழுதிருக்கிறார்கள். வழி இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். தாம் நேசித்த மக்கள் அழுவதைக் கண்டு தமக்கும் வேதனையாக இருந்தது என்றும் எழுதுகிறார்.

இதை வாசித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜப்பானியர் கேட்டது என் கேள்வி. பதில் சொன்னவர் எங்கள் குலத்துக்கே ஞானத் தகப்பன். அவர் சொன்ன பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்த வேதனையை மறைக்காமல் எழுதிவைத்ததற்காக அவரை முன்னைவிட அதிகமாக நேசித்தேன். தம் காலத்துப் போதனைக்குள் அடங்காத ஒரு துயரத்தைக் கண்டவர், அதைக் காணாததுபோல் விட்டுவிடவில்லை.

அந்தத் துயரத்துக்குத் திருச்சபை பதில் சொல்ல நானூறு ஆண்டுகள் ஆயின. வெல்ல முடியாத அறியாமையில் நேர்மையாக வாழ்கிறவர்கள் கடவுளின் அருளால் மீட்படையலாம் என்று 1863இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் எழுதினார். அமெரிக்காவின் பாஸ்டனில் லெனார்ட் ஃபீனி என்ற இயேசு சபைக் குரு, வெளியே இருக்கும் ஒருவருக்கும் வழி இல்லை என்று பிடிவாதமாகப் போதித்தபோது, அந்த விளக்கம் தவறு என்று 1949இல் ரோம் கடிதம் அனுப்பியது. பிறகு 1964 நவம்பர் 21 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தை வெளியிட்டது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவையோ அவர் திருச்சபையையோ அறியாமல், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் குரலில் அவர் திருவுளத்தை உணர்ந்து, அருளின் துணையோடு அதன்படி நடக்க முயல்கிறவர்கள் மீட்படைய முடியும் என்பது அதன் 16ஆம் எண்ணின் சாரம். சில நாட்களில் பம்பாய்க்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், பிற சமயத்தார் முன்னிலையில் பிருகதாரண்யக உபநிடதத்தின் பிரார்த்தனையை எடுத்துச் சொல்லிப் பேசினார். அதெல்லாம் தாத்தா உயிரோடிருந்தபோதே நடந்தது. எங்கள் மறைக்கல்வி அறைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், சைவ சித்தாந்தம் முறையாகப் படித்தவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "சந்தோஷம்மா. ஆனா ஒண்ணு கேக்கேன். எங்க அப்பா அவரு கும்பிட்ட முருகனால கரையேறுனாருன்னு உங்க சங்கம் சொல்லுதா? இல்ல, உங்க இயேசுவாலதான் கரையேறுனாருன்னு சொல்லுதா?" என்றார். கிறிஸ்துவால்தான் என்று சொல்கிறது என்றேன். அதுதான் உண்மை. இறையியலாளர் கார்ல் ரானர் இப்படிப்பட்டவர்களைப் பெயரறியாக் கிறிஸ்தவர்கள் என்றே அழைத்தார். சொல்லி முடித்ததும் மாமாவின் மனம் புண்பட்டிருக்குமோ என்று தவித்தேன்.

மாமா உள்ளே போய்ச் சிவஞான சித்தியாரை எடுத்து வந்தார். அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய அந்தச் சாத்திர நூலில் ஒரு செய்யுளைக் காட்டினார். எந்தத் தெய்வத்தை ஒருவர் கும்பிட்டாலும், அந்தத் தெய்வமாக அங்கே வந்து அருள்செய்பவன் சிவனே என்பது அதன் கருத்து. "அப்பாவுக்கு இது மனப்பாடம். நீ மாதா முன்னால முழங்கால் போட்டப்போ அவரு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாருல்ல, எதுக்குன்னு நினைச்சே? அங்கேயும் வர்றது அவன்தான்னு நம்பினாரு. உன்னைப் பத்தி அவரு ஒருநாளும் பயப்படல, தாயி."

நான் தாத்தாவுக்காகப் பயந்துகொண்டிருந்த காலமெல்லாம் அவர் எனக்காகப் பயப்படவே இல்லை. அவருடைய நம்பிக்கையில் எனக்கு ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. அந்த இடத்தை அவர் தம் சைவத்துக்குள்தான் வைத்திருந்தார். நானும் அவருக்கான இடத்தை என் கிறிஸ்தவத்துக்குள்தான் தேடினேன். இதில் ஆணவம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரை நான் விருந்துக்கு அழைப்பதென்றால் என் வீட்டுக்குத்தானே அழைக்க முடியும்? இன்னொருவர் வீட்டுக்கு நான் எப்படி அழைப்பேன்? தன் வேதத்தை மெய்யாக நம்புகிறவன், தான் நேசிக்கும் அயலானை அந்த வேதத்தின் சொல்லால்தான் அணைக்க முடியும். அப்படி அணைத்த பிறகும், அந்த மனிதர் தம்மைப் பற்றிச் சொல்வதை மதித்துக் கேட்பதுதான் மரியாதை. தாத்தா என் நெற்றியில் விபூதி பூசாமல் காத்தது அந்த மரியாதை.

எல்லோருக்கும் வழி உண்டென்றால் ஞானஸ்நானம் எதற்கு, சவேரியார் கடல் கடந்து வந்தது எதற்கு என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. திருச்சபை தன் விசுவாசத்தில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கிறிஸ்து ஒருவரே மீட்பர் என்பதை 2000இல் வெளியான 'தோமினுஸ் யேசுஸ்' ஏடு மறுபடியும் அழுத்திச் சொன்னது. நானும் அதையே நம்புகிறேன். மீட்கிறவர் அவர் என்பதால்தான், அவர் கை எதுவரை நீளும் என்று அளந்து சொல்ல எனக்கு வழியில்லை. நற்செய்தி எனக்குக் கிடைத்த செல்வம். அதைப் பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன். அயலான் நரகத்துக்குப் போவான் என்ற அச்சம் இருந்தால்தான் என் விசுவாசம் நிற்கும் என்றால், அதில் நான் இதுவரை எந்த இன்பத்தையும் சுவைக்கவில்லை என்றே பொருள்.

இன்னொன்றும் உண்டு. திருச்சபை பற்றிய அந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டின் 14ஆம் எண், திருச்சபைக்குள் இருந்தும் அன்பில் நிலைத்திராதவருக்கு மீட்பு இல்லை என்கிறது. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தின் கடைசித் தீர்ப்பிலும் அரசர் பசித்தவரையும் நோயுற்றவரையும் பற்றித்தான் கேட்கிறார். வலப்பக்கம் நிற்கிறவர்கள் அவரை எப்போது கண்டோம் என்று வியக்கிறார்கள். அவரை அறியாமலே அவருக்குச் செய்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, வெளியே இருப்பவர்களின் கதியைவிட உள்ளே இருக்கும் என் கதியைப் பற்றித்தான் நான் அதிகம் சிந்திக்க வேண்டியிருந்தது.

இப்போது நானே மறைக்கல்வி எடுக்கிறேன். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு பிள்ளை, வகுப்பு கலைந்த பிறகு தயங்கித் தயங்கி வந்து நிற்கும். "டீச்சர், எங்க ஆச்சி கோயிலுக்குப் போறவங்க..." என்று தொடங்கும். முழுவதும் கேட்கும் முன்பே எனக்குப் புரிந்துவிடும். ஆச்சியை உட்கார வைத்து அவர் கும்பிடும் சாமியைப் பற்றிக் கேள், மரியாதையாகக் கேள் என்று சொல்வேன். திருச்சபை ஆயிரக்கணக்கானோரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லி ஒருவரையும் அறிவித்ததில்லை என்பேன். நரக நெருப்பைப் பற்றிய அந்தச் சிறு செபத்தைக் கடைசிவரை சொல்லிப் பார் என்பேன். எல்லா ஆன்மாக்களையும் மோட்சத்தில் சேர்த்தருளும் என்று அதே மூச்சில் அது வேண்டுகிறது. எல்லா ஆன்மாக்களும் என்றால் ஆச்சியும்தான். யாருக்கும் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் தரப்படவில்லை. எல்லோருக்காகவும் மன்றாட உரிமை தரப்பட்டிருக்கிறது. அந்த உரிமையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லி, 901ஆம் விதியைக் கரும்பலகையில் எழுதி, பூசைக் கருத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று கற்பிக்கிறேன்.