மாமா கடை மெயிலும் ஸ்பாமும்

குத்தாலத்து மங்குஸ்தானை ஆன்லைன்ல விக்கிற மாமா, தென்காசி வீட்டுக்கே வந்துட்டார். "மாப்ள, சீசன் மெயிலெல்லாம் ஸ்பாமுக்குப் போகுதாம். ஆர்டரே இல்ல."

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணையும் சரி பண்ணேன். அனுப்புறது நாமதான்னு காட்டுற அடையாள அட்டை மாதிரி. அப்பவும் ஸ்பாம்தான்!

லிஸ்ட்டைப் பார்த்தா, 2019ல ஒரே ஒரு தடவை வாங்கினவங்களும் இருக்காங்க. வேண்டாம்னு விலக லிங்க்கும் இல்ல. கடுப்பானவன் ஸ்பாம் பட்டனைத்தானே அமுக்குவான்? 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கறார்: புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரத்துக்கு 3 பேர்.

"பாதிப் பேரை அழிக்கணும் மாமா."

முகம் வாடிப்போச்சு. "சேர்க்க எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

"அருவிக்கரையில எண்ணெய் தேய்க்கிறவர் கையப் புடிச்சு இழுத்தா உக்காருவீங்களா?"

சிரிச்சார். டெலிட்டை அவரே அமுக்கினார். கை மட்டும் கொஞ்சம் நடுங்குச்சு.