நுவரெலியாவுக்கு ஒரு நாள்

பாடசாலைகளில் கல்விச் சுற்றுலா என்று ஒன்று உண்டு. பெயரில் கல்வி இருக்கும். பயணத்தில் அது பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் உறங்கிக் கொண்டிருக்கும். பதுளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் சுற்றுலாவின் நிரல் எல்லோரும் அறிந்ததே. ஹக்கலைப் பூந்தோட்டம், சீதையம்மன் கோயில், கிரகரி வாவி, விக்டோரியா பூங்காவில் ஒரு புகைப்படம், பின்பு தலைசுற்றலோடு வெலிமடை வழியாக வீடு. இம்முறை 10ஆம் தர மாணவர் 32 பேரை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நிரலில் இன்னோர் இடத்தைச் சேர்த்தேன்: ஹில் கிளப்பும் அதன் டெனிஸ் களங்களும்.

சக ஆசிரியர் ஒருவர் சிரித்தார். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டெனிஸ் எதற்கு? பரீட்சையில் வராதே" என்றார். வராதுதான். பரீட்சையில் வராதவற்றைப் பட்டியலிட்டால் இம்மலைநாட்டு மக்களின் சரித்திரத்தில் பெரும்பகுதியும் அதில் அடங்கிவிடும்.

ஹில் கிளப் 1876ஆம் ஆண்டு ஆங்கிலத் தோட்டத் துரைமாருக்காக நிறுவப்பட்டது. அப்போது டெனிஸ் ஆட்டமே குழந்தைப் பருவத்தில் இருந்தது. விங்ஃபீல்ட் என்ற படை அதிகாரி இவ்வாட்டத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1874இல். விம்பிள்டனில் முதற் போட்டி நடந்தது 1877இல். ஆயினும் ஏகாதிபத்தியத்தின் விளையாட்டுகள் அதன் கப்பல்களைப் போலவே விரைவாகப் பயணம் செய்தன. இலங்கையின் டெனிஸ் சாம்பியன் போட்டிகள் ஆரம்ப காலத்தில் நுவரெலியாவின் குளிரிலேதான் நடந்தன. கொழும்பின் வெக்கையைத் தாங்க மாட்டாத பிரபுக்கள் கோடையில் மலையேறி வந்து குதிரைப் பந்தயம், கொல்ஃப், டெனிஸ் என்று பொழுதைக் கழித்தார்கள். 1960களின் பிற்பகுதி வரை ஹில் கிளப்பில் இந்நாட்டவர் எவரும் அங்கத்தவராக முடியாது. வாசலில் நின்றவர், சமைத்தவர், துடைத்தவர், பந்து பொறுக்கியவர் மட்டும் இந்நாட்டவர்.

இந்த 1876 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதி, அவ்வாண்டில் வேறென்ன நடந்தது என்று வகுப்பில் கேட்டேன். பதில் வராது என்று தெரிந்தே கேட்டேன்.

அதுதான் தாது வருடம். தமிழ்நாட்டின் நாட்டார் நினைவில் இன்றும் அப்பெயரோடு வாழும் பெரும் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. சென்னை மாகாணம் எங்கும் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். எஞ்சியவர்களுள் பல்லாயிரவர் மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாகக் காட்டைக் கடந்து கோப்பி மலைகளுக்கு வந்தனர். இந்த வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பலரின் முன்னோர் அந்தக் கூட்டத்தில் நடந்திருக்கக் கூடும். அதே 1876இல் பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட விதைகளில் முளைத்த றப்பர்க் கன்றுகள், லண்டன் கியூ பூங்காவிலிருந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. றப்பர் இல்லையேல் டெனிஸ் பந்து இல்லை. புல்லில் விழுந்த பந்து துள்ளி எழ வேண்டுமானால் அதற்குள் றப்பர் வேண்டும். பின்னாளில் நம் ஊவாவிலேயே மொனராகலைத் தோட்டங்களில் அந்த மரத்தில் பால் வெட்டியவர்களுள் எம்மவரும் உண்டு. பஞ்சம், றப்பர், கிளப் மூன்றும் ஓராண்டில் வந்தது தற்செயல். அவை ஒரே பேரரசின் கணக்கேட்டில் இருந்தது தற்செயல் அன்று.

மாணவர் கவனமாகக் கேட்டார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். அவள் தாய் கொழுந்து பறிக்கிறவள். இவள் எங்கள் பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் இருப்பவள். "சேர், அதெல்லாம் சரி. அங்கே போனால் ஒருக்கா அடிச்சுப் பார்க்க விடுவாங்களா?" என்றாள்.

நான் தயாரித்திருந்த இருபது நிமிட விரிவுரையில் இக்கேள்விக்கு இடமில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. முன்னோர் பட்ட துயரத்தை வேலிக்கு வெளியே நின்று அறிந்து கொள்வது மட்டுமா இப்பிள்ளைகளின் பங்கு? பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, ஆட்டத்தில் ஆசை இருக்கிறது. முற்போக்காளர் என்று சொல்லிக் கொள்ளும் எங்களுக்கு மக்களின் துன்பத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த அளவுக்கு அவர்களின் இன்பத்தைப் பற்றிப் பேசத் தெரிவதில்லை. ஆகவே கிளப்பின் செயலாளருக்கு எழுதிய கடிதத்தில், பார்வையிட அனுமதி கேட்ட வாக்கியத்துக்குக் கீழே இன்னொன்றையும் சேர்த்தேன்: அரைமணி நேரம் ஒரு களத்தில் ஆட அனுமதியும், இரவலாக நான்கு மட்டைகளும். கடிதம் சென்ற திங்கட்கிழமை தபாலில் போயிற்று.

இனிக் கணக்கு. பஸ் வாடகையைப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபா விழுகின்றது. இதைச் சிறு தொகை என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவைத் தொடுவதற்கே ஆண்டுக்கணக்கில் போராட்டம் தேவைப்பட்டது. 2024இல் அது 1,350 ஆயிற்று. நிறுவையில் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான். ஆகவே இந்தச் சுற்றுலா ஒரு தாய் ஒரு நாள் முழுவதும் மலையில் நின்றதன் விலை. பழைய மாணவர் சிலர் பாதியை ஏற்றார்கள். மீதியை ஆசிரியர்கள் பகிர்ந்து கொண்டோம். சிரித்த நண்பரும் கொடுத்தார், கூடவே வருகிறார்.

பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு மாணவனின் தாத்தாவும் வந்திருந்தார். இளமையில் துரை பங்களாவில் வேலை செய்தவர். பங்களாவின் பின்புறத்தில் ஒரு டெனிஸ் களம் இருந்ததாம். மழை விட்ட மறுநாள் விடியற்காலையில் நால்வர் சேர்ந்து இரும்பு உருளையை இழுத்து மண்ணைச் சமப்படுத்த வேண்டும். பிறகு சுண்ணாம்பால் கோடு போட வேண்டும். கோடு வளைந்தால் அன்றைய பேர் போகும். மாலையில் பந்து பொறுக்குவது சிறுவர்களின் வேலை. "ஆட்டம் எனக்கு நல்லாத் தெரியும் சேர், பதினைஞ்சு, முப்பது, நாப்பதுன்னு எண்ணுவாங்க. ஏன் நாப்பத்தஞ்சு இல்லைன்னுதான் இன்னும் விளங்கல்ல" என்றார். எனக்கும் விளங்கவில்லை. மட்டையைத் தொட்டதுண்டா என்று கேட்டேன். துடைத்து வைத்ததுண்டு என்றார்.

பஸ்ஸில் ஓர் ஆசனம் மிஞ்சுகிறது. அதை அவருக்கென ஒதுக்கியிருக்கிறேன்.

காலை ஐந்து மணிக்குப் பதுளையில் புறப்பாடு. ஹாலிஎல, வெலிமடை வழியே 60 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம். ஹக்கலையில் இறங்கப் போவதில்லை. பூக்களை வேறொரு நாள் பார்க்கலாம். சீதையம்மன் கோயிலில் பத்து நிமிடம், தாய்மாரின் வேண்டுகோளுக்காக. பத்து மணிக்குக் கிளப். அனுமதி கிட்டாவிட்டால் வாவிக்கரைப் புல்வெளியில் கயிறு கட்டி ஆடுவதற்கு இரண்டு பழைய மட்டைகளும் ஆறு பந்துகளும் தேடி வைத்திருக்கிறோம். மதியம் சோற்றுப் பார்சல். நுவரெலியாவின் குளிர் பதுளைப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. கம்பளிச் சட்டை இல்லாதவர்கள் ஒன்பது பேர் என்று எண்ணியிருக்கிறேன். அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும்.