விறகு கொண்டுவருகிறவனின் கடன்

வன்னியில் ஒரு வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் குசினிக் கூரைக்குத்தான் போகும். கைமரத்தில் கரி எவ்வளவு தடிப்பாகப் படிந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த வீட்டில் சமைக்கிறவளின் நெஞ்சுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கும் என்பதும் விளங்கிவிடும். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டியது என்று நான் நினைக்கிற சிலவற்றில் இதுவும் ஒன்று: கோடாலியைச் சுவரில் சார்த்தியதோடு விறகு கொத்துகிறவனின் வேலை முடிவதில்லை. அந்த விறகு அடுப்பில் புகையாமல் எரிகிறவரைக்கும் அது அவன் பொறுப்பு.

எங்கள் அப்பு 1950களில் குடியேற்றத் திட்டத்தில் வட்டக்கச்சிக்கு வந்தவர். காடு வெட்டிக் காணியாக்கிய தலைமுறை அது. விறகு தேடிப் போகும் தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. பாலையும் வீரையும் வளவுக்குள்ளேயே குற்றி குற்றியாகக் கிடந்தன. இரவுச் சோறு வடித்த பிறகு ஒரு பாலைக் கட்டையைச் சாம்பலால் மூடிவிட்டால் விடியும்வரை தணல் சாகாது. ஆச்சி ஊதுகுழலை எடுத்து இரண்டு தரம் ஊதினால் தேத்தண்ணிக்கு நெருப்பு வந்துவிடும். அவவுக்குக் கடைசிக் காலத்தில் இருமலும் இளைப்பும் ஓயவில்லை. அதை வயதின் குணம் என்று எல்லோரும் சொன்னார்கள். இன்று நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்கமாகிப்போனது. ஜாம் போத்தல் விளக்குக்குச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றினோம். அடுப்புக்கு மட்டும் காடு இருந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் சனம் ஓடியபோது மரத்துக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு மூன்று கல். மாரி மழை கொட்டக் கொட்ட, நனைந்த சுள்ளியோடு பெண்கள் பட்ட பாட்டை அங்கேதான் கிட்டத்தில் பார்த்தேன். பிறகு 2009இல், போரின் முடிவில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை அடைத்துவைத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் அடுப்பெரிய வேண்டும். கம்பி வேலிக்குள் சுள்ளி எங்கே இருக்கும்? கையில் அகப்பட்டதையெல்லாம் எரித்தோம்.

ஊருக்குத் திரும்பி வீட்டுத்திட்ட வீடுகள் எழும்பின. காஸ் சிலிண்டரும் வந்தது. பிறகு 2021 கடைசியில் நாட்டின் பல இடங்களில் காஸ் அடுப்புகள் வெடித்தன. அதே ஆண்டு ஒக்டோபர்வரை 1,493 ரூபாய்க்கு விற்ற பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய். அந்த விலை கொடுக்க வரிசையில் நின்றாலும் கிடைக்கவில்லை. கொழும்பில் மாடி வீட்டுக்காரரே விறகு தேடினார்கள். எங்கள் பக்கத்தில் லான்ட்மாஸ்டர் பெட்டியில் வந்த பச்சை விறகைக் கேட்ட விலைக்கு வாங்கி, அன்றைக்கே அடுப்பில் வைத்தார்கள். அதுவரை காஸில் சமைத்த இளம் பெண்கள் புகைக்குள் இருந்து கண்ணைத் துடைத்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு காஸ் மறுபடி கிடைக்கத் தொடங்கியது. வாங்கக்கூடியவர்கள் வாங்கத்தான் வேண்டும். ஆனால் வன்னியில் இருக்கிறவன் ஒரு விறகடுப்பையும் ஒரு அடுக்கு காய்ந்த விறகையும் கைவிடக்கூடாது. ஐம்பது வருடத்தில் எத்தனை தரம் எல்லாம் நின்றுபோனது என்று எண்ணிப் பார்த்தவன் நான்.

புகையைப் பற்றிப் பேசினால், விறகுச் சமையல்தான் ருசி, அந்தக் காலத்துச் சனம் நூறு வயது இருந்தது என்று சில ஆண்கள் வாதாட வருவார்கள். வீட்டுக்குள் அடுப்புப் புகையாலும் விளக்குப் புகையாலும் கெடுகிற காற்று 2020இல் உலகத்தில் 32 லட்சம் பேரைச் சாகடித்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் இரண்டே கால் லட்சத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தாயின் இடுப்பில் இருந்தபடி அதே புகையைக் குடித்த குழந்தைகள். ருசியைப் பற்றிப் பேசுகிறவர் ஒரு மாதம் அடுப்படியில் குந்தியிருந்துவிட்டு வந்து பேசட்டும்.

பச்சை மரத்தின் நிறையில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதிவரை தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பின் பலம் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். சூடு ஏறாததால் மரத்திலிருந்து கிளம்புகிற வாயு எரியாமல் அப்படியே வெளியே வரும். நாம் புகை என்று சொல்வது அதைத்தான். எரிந்திருக்க வேண்டிய விறகு கூரைக்குப் போகிறது. ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் அது விறகு. அதை அறிய மெஷின் தேவையில்லை. இரண்டு பிளாச்சை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று அமுங்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை நகத்துக்கே கழன்று வரும்.

நம்முடைய பருவமும் இதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. காலபோக வெட்டு முடிந்து மாசி, பங்குனியில் கைக்கு ஓய்வு வரும். அப்போதே தறித்து, துண்டு போட்டு, கொத்திவிட வேண்டும். வைகாசியில் எழும்புகிற கச்சான் காற்று ஆவணிவரை விடாமல் அடிக்கும்; அதைவிட நல்ல உலர்த்தி கிடையாது. காற்று ஊடே போகிறமாதிரி அடுக்கை அது வீசும் திசைக்குக் குறுக்கே வைக்கவேண்டும். அடியில் இரண்டு வரிசை கல் வைத்து, மேலே தகரமோ படங்கோ போட்டு, பக்கங்களைத் திறந்தே விடவேண்டும். முழுக்க மூடிக் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கல்லின் உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பிப் பாய்ந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது, நிலத்தில் கிடந்த விறகெல்லாம் மிதந்து போனது. ஐப்பசி பிறந்த பிறகு விறகு தேடப் புறப்படுகிறவனின் வீட்டில் மாரி முழுக்கப் புகைதான்.

கொத்துவதில் இளந்தாரிகள் பலத்தை நம்புகிறார்கள். குற்றியை முதலில் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கவேண்டும். வெட்டுமுகத்தில் மயிரிழை போல வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ, மரம் அந்த வழியாகத்தான் பிளக்கச் சம்மதம் சொல்லியிருக்கிறது. பெரிய குற்றியின் நடுவில் போட்டால் கோடாலி இறுகி நிற்கும். விளிம்பிலிருந்து சிறாம்பு சிறாம்பாக உரித்துக்கொண்டு போனால் நடுக்கட்டை தானாகச் சிறுக்கும். கணு இருக்கிற துண்டோடு சண்டை பிடிக்காமல் ஒதுக்கிவைத்துவிட வேண்டும். நெல் அவிக்கிற பெரிய அடுப்புக்கு அது முழுசாகவே உதவும். காலை அகட்டி, நிலத்தில் ஊன்றிய கட்டையின் மேல் வைத்துத்தான் கொத்தவேண்டும். தவறினாலும் கோடாலி கட்டையில் பாயும், காலில் பாயாது. வீட்டு அடுப்புக்கு மணிக்கட்டுத் தடிப்புக்கு மேல் போகாத, ஒரு முழத்துக்கு உட்பட்ட பிளாச்சே போதும்.

எங்கள் மரங்களைக் கொத்தும்போது இன்னுமொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். போர் நடந்த இடத்து மாவிலும் வேம்பிலும் ஷெல் துண்டும் சன்னமும் புதைந்து, மேலே பட்டை வளர்ந்து மூடியிருக்கிறது. மரத்தில் கறுத்த தழும்போ வீக்கமோ கண்டால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். வாளின் பல் பறந்து கண்ணில் பட்டால் அதற்கு மருந்தில்லை. காணி துப்புரவாக்கிக் குவித்த குப்பைக்கு நெருப்பு வைத்தபோது மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் வெடித்து ஆட்கள் காயப்பட்ட செய்திகள் நமக்குப் புதிதல்ல. பாவனையில் இல்லாத நிலத்தில் குப்பை எரிக்காதீர்கள். மிதிவெடிப் பலகை நட்ட பக்கம் நல்ல பாலைக் கொப்பு முறிந்து கிடந்தாலும் அது நம்முடையதல்ல.

காடும் நம் இஷ்டத்துக்கு இல்லை. 1907ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. ஒதுக்கிய காட்டில் பச்சை மரம் தறித்தால் வழக்கு. அது சரியான சட்டம் என்றே நான் சொல்வேன். ஒரு பாலை பருத்து நிற்க மனித ஆயுசு போதாது. அதை ஒரு கிழமைச் சோற்றுக்காக வெட்டக்கூடாது. வேலியே விறகு தரும். கிளிரிசிடியாத் தடியை மழைக்கு முன் ஊன்றிவிட்டால் வேர்விடும். இடுப்புயரத்தில் தறிக்கத் தறிக்கத் துளிர்க்கும். இலை ஆட்டுக்கும் வயலுக்கும், தடி அடுப்புக்கும். திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் கிளிரிசிடியாவையும் உமியையும் எரித்து மின்சாரமே எடுக்கிறது. இதோடு பனம் மட்டை, ஊமல், பொச்சு மட்டை, சிரட்டை எல்லாம் சேர்த்தால் சிறு குடும்பத்துக்கு அரை ஏக்கர் வளவே அடுப்பெரிக்கும். நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு சொல்: தில்லை மரத்தை விறகுக்குத் தொடவேண்டாம். பால் பட்டால் கண் போகும், புகையும் கண்ணைக் கெடுக்கும்.

இனி அடுப்பு. மூன்று கல்லில் சூட்டின் பெரும்பங்கு காற்றோடு போகிறது. 1980களில் இந்த நாட்டிலேயே உருவாக்கிப் பரப்பிய அனகி அடுப்பு சுட்ட களிமண்ணில் ஒரே துண்டாக, இரண்டு வாயோடு வரும். குருநாகல் பக்கத்துக் குயவர்கள் செய்வது. முதல் வாயில் சோறு வேகிற சூட்டின் மிச்சம் இரண்டாவதில் கறியைக் கொதிக்கவைக்கும். விறகில் மூன்றிலொரு பங்களவு மிஞ்சும். வாங்கி அப்படியே வைத்தால் வெடித்துவிடும். புற்றுமண்ணை இடித்துச் சலித்து, சாணமும் உமியும் சேர்த்து, இரவு முழுக்கப் புளிக்கவிட்டு, மறுநாள் காலால் மிதித்துக் குழைத்து, அடுப்பைச் சுற்றி நாலு விரல் தடிப்புக்கு அணைக்கவேண்டும். நிழலில் இரண்டு கிழமை ஆற விட்டு, வெடிப்பைச் சாணிப்பாலால் மெழுகி, முதல் சில நாள் சிறு நெருப்பு மட்டும். அதை நிலத்தில் வைக்காமல் இடுப்பளவு மேடையில் வையுங்கள். குனிந்தே சமைத்த எங்கள் தாய்மாரின் முதுகைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லத் தேவையில்லை.

அடுப்பு எவ்வளவு நல்லதானாலும் புகைக்கூடு வேண்டும். மேடைக்கு மேலே அகன்று, போகப் போக ஒடுங்கி, கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது நிற்கவேண்டும். முகட்டுக்குக் கீழே நின்றால் கச்சான் அடிக்கும்போது புகை திரும்பி உள்ளே இறங்கும். பலர் செலவை மிச்சம்பிடிப்பது இந்த இரண்டடியில்தான். எதிர்ப்பக்கத்தில் தாழ்வாக ஒரு யன்னல் திறந்திருந்தால்தான் காற்று உள்ளே வந்து புகையை மேலே தள்ளும். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதில் ஓட்டை போடாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு நஞ்சு. புகைக்கூட்டைச் சுவர் வழியாக வெளியே எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன், கரியைச் சுரண்டி எடுக்கவேண்டும்.

நோர்வேயில் இருக்கிற மருமகன் அங்கே வீட்டுக்கு வீடு அடுக்கிவைத்த விறகைப் படமெடுத்து அனுப்புவான். 2013 பெப்ரவரியில் அந்த நாட்டு அரச தொலைக்காட்சி பன்னிரண்டு மணிநேரம் விறகைப் பற்றியே நிகழ்ச்சி நடத்தியது. விறகை மதிக்கிற அந்த நாட்டிலேயே 1998 முதல் புகை குறைந்த அடுப்பைத்தான் புதிதாக விற்கலாம் என்று விதி. நெருப்பின் மேல் ஆசை இருக்கிறவன் புகையைக் குறைக்கத்தான் பார்ப்பான்.

அதனால் தம்பிமாரே, இந்த மாசியில் வேலியைத் தறியுங்கள். கச்சான் முடிகிறதற்குள் அந்த மேடையையும் புகைக்கூட்டையும் உங்கள் கையாலேயே கட்டி முடியுங்கள். பிறகு ஒரு காலைப்பொழுது நீங்களே அடுப்பு மூட்டி, சோறு வடித்து, கறி இறக்கிப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.