கண்டதைச் சொன்ன பிள்ளை

மாணவியாக இருந்த காலத்தில் நுணுக்குக்காட்டியை நான் மூன்று நான்கு தரமே பார்த்திருப்பேன். ஆசிரியை எல்லாவற்றையும் சரிசெய்து வைப்பார். வரிசையில் வந்து ஒரு நொடி குனிந்து பார்ப்போம். “தெரியுதா?” என்பார். பின்னால் நிற்பவள் இடிப்பாள். தெரியாவிட்டாலும் “ஓம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அந்தப் பொய்யான “ஓம்” பல வருடங்களின் பின் மண்டைதீவில் என்னைத் தேடி வந்தது.

நான் ஆசிரியையான பிறகு அங்குள்ள பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் விஞ்ஞான வகுப்பு எடுத்தேன். ஒருநாள் இரவல் வாங்கிய நுணுக்குக்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பண்ணைப் பாலம் கடந்து போனேன். கரையோரக் கண்டல் வேரில் படிந்திருந்த வழுவழுப்பைச் சுரண்டி, ஒரு துளி கடல்நீரோடு கண்ணாடித் துண்டில் வைத்தேன். அதில் தயற்றங்கள் இருக்கும். சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைக் கல உயிர்கள் அவை.

முதலில் முறையைச் சொன்னேன். ஒரு கையால் கருவியின் புயத்தைப் பிடித்து, மறு கையால் அடியைத் தாங்கித் தூக்க வேண்டும். உருப்பெருக்கம் குறைந்த வில்லையில்தான் தொடங்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தபடி வில்லையைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். பிறகு கண்ணை வைத்து, வில்லை விலகும் பக்கமாக மட்டும் திருகைச் சுழற்ற வேண்டும். மாறிச் சுழற்றினால் வில்லை கண்ணாடியில் மோதிவிடும். பார்வைத்துண்டு 10 மடங்கு, பொருள்வில்லை 10 மடங்கு என்றால் மொத்தம் 100 மடங்கு பெரிதாகத் தெரியும்.

விளங்கட்டும் என்று கரும்பலகையில் ஓடம் போன்ற ஒரு தயற்றத்தையும் கீறி வைத்தேன். 14 பிள்ளைகளும் வரிசையில் வந்து பார்த்தார்கள். 13 கொப்பிகளில் அழகான ஓடங்கள். ஒரு பிள்ளை மட்டும் ஒன்றும் கீறவில்லை.

“ரீச்சர், எனக்குக் கறுப்பு விளிம்போட ஒரு வட்டந்தான் தெரியுது.”

“வடிவாப் பாரும் பிள்ளை. எல்லாருக்கும் தெரியுதுதானே?”

அவள் மறுபடி குனிந்து நெடுநேரம் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. “வட்டந்தான் ரீச்சர்” என்றாள், மெதுவாக.

நான் குனிந்து பார்த்தேன். வட்டந்தான்! அவசரத்தில் மூடுகண்ணாடியை நான் தட்டையாக வைத்ததால் உள்ளே அகப்பட்ட காற்றுக்குமிழி அது. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். “நீங்கள் கீறினதைப் பாத்துத்தான் கீறினனாங்கள்” என்றாள் ஒருத்தி. அவர்களை எப்படி ஏசுவேன்? அந்த வரிசையில் நானும் ஒருகாலம் நின்றவள்தானே.

கரும்பலகையை அழித்தேன். மூடுகண்ணாடியின் ஓரத்தை முதலில் நீரில் தொடவைத்து, சரிவாக மெல்ல இறக்கினால் காற்று வெளியேறிவிடும் என்று காட்டினேன். அதை அந்தப் பிள்ளையையே செய்யவைத்தேன். ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தேன். கண்ணாடியை இடப்பக்கம் நகர்த்த, உள்ளே காட்சி வலப்பக்கம் ஓடுவதை அவர்களே கண்டுபிடித்துச் சிரித்தார்கள். அவளுடைய தகப்பன் பரவைக்கடலில் சிறகுவலை கட்டுபவர். “ஓடம் மாதிரித்தான் ரீச்சர். ஆனால் துடுப்பில்லாமல் தானாப் போகுது” என்றாள். தயற்றங்களில் சில அப்படி வழுக்கி நகர்வதுண்டு. நான் கீறிய படத்தில் அது இல்லை.

அன்று அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், நெடுந்தீவுக்குத் தங்கள் நாட்டு நகரமான டெல்ஃப்டின் பெயரை இட்டார்கள். அந்த டெல்ஃப்டில் வாழ்ந்த துணி வியாபாரிதான் லீவன்ஹூக். பல்கலைக்கழகம் போகாதவர். தானே தேய்த்த வில்லைகளால் நீரில் நுண்ணுயிர்களைக் கண்டு, 1676 இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். அங்கே பலர் ஐயப்பட்டார்கள். அவர் தன் சொல்லை மாற்றவில்லை; தன்னோடு பார்த்த எட்டுப் பேரின் சாட்சியை அனுப்பினார். 1677 இல் றொபேட் ஹூக் தானே பார்த்து உறுதிப்படுத்தினார்.

தங்கைமாரே, ஆய்வுகூடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் “தெரியல்ல” என்று சொல்லுங்கள். திருகைச் சரிசெய்வது அதன் பிறகுதான் தொடங்கும். பெற்றோரே, உங்கள் பிள்ளை “எனக்கு விளங்கல்ல” என்று சொன்னால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விளங்கியதே என்று கேட்காதீர்கள். அந்த வட்டத்தைக் கண்டவள் அன்று எனக்குப் பாடம் எடுத்தாள்.